கிளினிக் நாளும் வேலை நாளே



சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் நம் தோட்டங்களில் எல்லோருக்கும் காது நிமிர்கிறது. நாளுக்கு எத்தனை ரூபாய், பேர் விழ எத்தனை கிலோ, மேலதிகக் கிலோவுக்கு என்ன என்று மலையிலும் பீலிக்கரையிலும் பேச்சு நடக்கிறது. பேச வேண்டியதுதான். ஆனால் அதே மலையில், அதே நிரையில் நின்று கொழுந்தெடுக்கும் ஒரு கர்ப்பிணிப் பெண், மாதத்தில் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேரை இழக்கிறாள். அந்த இழப்பு எந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கும் வருவதில்லை. கோரிக்கைப் பட்டியலில் கடைசி வரியாக இருப்பதுகூட அபூர்வம். இம்மாதத் தலையங்கத்தை அதற்காகவே ஒதுக்குகிறோம்.

"இது பொம்பளைகள் விஷயம், மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று நம் தலைவர்களில் சிலர் நினைக்கக்கூடும். வேலைக்குப் போனால் சம்பளம், உடம்பைப் பார்க்கப் போனால் சம்பளம் இல்லை என்ற நிலை இருக்கும்வரை இது தொழிற்சங்க விஷயம்தான். கொழுந்தெடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். அவர்கள் சந்தாவில்தான் எல்லாச் சங்கங்களும் நடக்கின்றன.

மருத்துவமாது எங்கிருந்து வந்தார்?

1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நிற்காமல், வீடு தேடிப் போய் நோய் வராமல் பார்ப்பது என்ற ஏற்பாடு அங்கேதான் ஆரம்பமாயிற்று. அந்த ஏற்பாட்டின் கால்களாக இருந்தவர் மருத்துவமாது. நாம் "மிட்வைப் மிஸ்" என்று கூப்பிடும் அதே ஆள்தான். 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குச் சுமார் 2,000 தாய்மார் மாண்டுபோனார்கள். இப்போது அந்தக் கணக்கு 30ஐ ஒட்டி நிற்கிறது. இலவச ஆஸ்பத்திரி, பெண்கள் படித்தது, மலேரியா ஒழிந்தது எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் முன்வரிசையில் நிற்கும் காரணம், கிராமத்துக்குக் கிராமம் நடந்து திரிந்த மருத்துவமாது.

ஆனால் கிராமத்துக்குப் போன மருத்துவமாது தோட்டத்துக்கு வரவில்லை. தோட்டத்துச் சுகாதாரம் துரைமாரின் பொறுப்பு என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டக் காலத்திலேயே தனியாகப் பிரித்து வைக்கப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்கு இல்லாதவனுக்கு மருத்துவமாது அனுப்ப எந்த அமைச்சருக்கும் அவசரம் இருக்கவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குத் திரும்பிற்று. கை மாறியபோதெல்லாம் "சுகாதாரம் யார் பொறுப்பு?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைத்தது. அரசு கம்பெனியைக் காட்டும். கம்பெனி அரசைக் காட்டும். இடையில் நின்றவள் கர்ப்பிணி.

இன்று பல தோட்டங்களில் அரச மருத்துவமாது வருகிறார். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. முன்னைய தலைமுறை பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பாக்கி நிற்கும் தூரத்தைக் காட்ட ஒரு கணக்குப் போதும். 2016ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் 100க்கு 32 பேர். ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து உட்காரும்போதே நம் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்றால், அதன் வேர் தாயின் வயிற்றில் இருந்த ஒன்பது மாதத்துக்கும் போகிறது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் எவ்வளவு இருந்தாலும் அந்தக் குறையை முழுதாக நிரப்ப முடியாது.

கிளினிக்கில் என்ன நடக்கிறது?

"சும்மா நிறுத்துப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள், அதற்கு ஒரு நாள் பேரை விடுவதா?" என்று கேட்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மாதவிலக்குத் தள்ளிப்போனதும், எட்டு வாரத்துக்குள் மருத்துவமாதிடம் பதிய வேண்டும். வயிறு தெரியும்வரை காத்திருப்பது தவறு. பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாவது முதல் வாரங்களில்தான். அதற்குத் தேவையான போலிக் அசிட் குளிசை அப்போதே உடம்பில் சேர வேண்டும். பதிந்ததும் கர்ப்பிணி அட்டை கிடைக்கும். ஒரு பிரதி உங்கள் கையில், ஒன்று மருத்துவமாதின் கோப்பில். அந்த அட்டை உங்கள் பிள்ளையின் முதலாவது ஆவணம். எங்கு போனாலும், மலைக்குப் போனாலும்கூட, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இரத்தம் எடுத்து இரத்த வகை, இரத்தச்சோகை, சீனி, தொற்றுநோய் எல்லாம் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்ப்பார்கள், சிறுநீர் பார்ப்பார்கள். இவை இரண்டையும் சும்மா என்று நினைக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறுவது ஆரம்பத்தில் உடம்புக்குத் தெரியாது. தெரியும்போது வலிப்பு வந்துவிடக்கூடும். தாயும் பிள்ளையும் போய்விடக்கூடும். அதை முன்கூட்டிக் கண்டுபிடிப்பது கையில் கட்டும் அந்தப் பட்டிதான். வயிற்றை அளப்பது பிள்ளை வளர்கிறதா என்று பார்க்க. ஏற்பூசி தாயையும் பிள்ளையையும் ஈர்ப்புவலியிலிருந்து காக்க.

பொதுவாக 28 வாரம்வரை மாதம் ஒரு முறை, 36 வாரம்வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, அதன்பின் வாரம் ஒரு முறை கிளினிக். கிளினிக்குக்கு அப்பால் மருத்துவமாது வீட்டுக்கும் வர வேண்டும். பிள்ளை பிறந்தபின் முதல் பத்து நாளுக்குள் இரண்டு முறை வந்து தாயையும் சேயையும் பார்ப்பதும் அவர் கடமையில் சேர்ந்தது. லயத்துக்கு யாரும் வரவில்லையானால், அது அவர் செய்யும் தயவு தவறிப்போனது என்று விட்டுவிடாதீர்கள். நமக்குச் சேர வேண்டிய சேவை சேரவில்லை என்று பொருள்.

இரத்தச்சோகை பற்றி ஒரு வார்த்தை. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசை பல வீடுகளில் தகரப்பெட்டியில் சேர்ந்து கிடக்கிறது. "வயித்தைப் புரட்டுது", "வெளிக்குப் போகக் கறுப்பாகுது" என்று விட்டுவிடுகிறார்கள். கறுப்பாவது சாதாரணம். வயிற்றைப் புரட்டினால் மருத்துவமாதிடம் சொல்லுங்கள், நேரம் மாற்றித் தருவார். இன்னொன்று: குளிசை போட்ட கையோடும் சோறு தின்ற கையோடும் சாயம் குடிக்கக்கூடாது. தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். அதற்குப் பதில் தேசிக்காய்த் தண்ணி, ஒரு கொய்யா என்றால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கல்சியம் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாகப் போடாமல் வேறு வேறு நேரத்தில் போடுங்கள். காலையில் ரொட்டியும் சம்பலும், பின்னால் ஒரு கோப்பைச் சாயமும் என்றே நம் வயிறு பழகிவிட்டது. உலகத்துக்கே தேயிலை கொடுத்த கைகளுக்குச் சொந்த உடம்பில் இரத்தம் குறைவு என்பது நாம் ஏற்றுக்கொள்ளக்கூடிய விதி அல்ல.

திரிபோஷ பொதி தாய்க்குக் கொடுக்கப்படுவது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் உருண்டை பிடித்துப் பங்கு போடுவதற்கல்ல. வீட்டில் பசி இருந்தால் அதற்கு வேறு போராட்டம் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவு 2015இல் 10 மாதத்துக்கு 20,000 ரூபாய் என்று ஆரம்பித்துப் பின்னர் உயர்த்தப்பட்டது. பதிந்து கிளினிக்குக்குப் போகிறவர்களுக்குத்தான் அது வந்துசேரும்.

ஏன் போக முடிவதில்லை?

இவ்வளவும் தெரிந்தும் போகாதவர்களைச் "சோம்பல்", "அறியாமை" என்று குறைசொல்வது சிலருக்கு எளிதாக இருக்கிறது. நாம் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. காரணங்கள் வேறு.

முதல் காரணம் பேர். மேலே சொன்ன கணக்கைக் கூட்டிப் பாருங்கள். எட்டு வாரத்தில் பதிந்து ஒழுங்காகப் போனால் ஒரு கர்ப்பத்துக்கு ஏறத்தாழ 13 கிளினிக் நாள். கிளினிக் டவுனில் என்றால் போய்வர ஒரு நாள் முழுதும் போகும். பதின்மூன்று நாள் பேர், அதோடு பஸ் காசு அல்லது ஓட்டோக் காசு. மாதம் முழுதும் வேலை கொடுக்காத தோட்டங்களில், கிடைக்கும் நாளையும் விட்டுவிட்டுப் போ என்று யாரால் சொல்ல முடியும்? கடைக்காரர் கிளினிக் அட்டையை வாங்கிக்கொண்டு அரிசி தரமாட்டார்.

இரண்டாவது தூரமும் வெற்றிடமும். ஒரு மருத்துவமாதுக்குச் சுமார் 3,000 பேர் என்பது நாட்டில் வகுத்த அளவு. ஆனால் கிராமத்தில் 3,000 பேரும் தோட்டத்தில் 3,000 பேரும் ஒன்றல்ல. மேல் கணக்கு, பணிய கணக்கு என்று மலைக்கு மலை ஏறி இறங்க வேண்டும். இடம் வெறுமையாக இருந்தால் பக்கத்துப் பிரிவு மருத்துவமாது சேர்த்துப் பார்க்கிறார். ஒருவர் இரண்டு ஆள் வேலை செய்யும்போது இரண்டு பக்கமும் அரைகுறையாகத்தான் நடக்கும். அவரும் ஒரு தொழிலாளிதான் என்பதை நாம் மறக்கக்கூடாது. நம் கோபம் வெற்றிடத்தை நிரப்பாதவர்கள் மேல் இருக்கட்டும். மழையில் நனைந்து லயத்துக்கு வருகிறவர் மேல் வேண்டாம்.

மூன்றாவது மொழி. 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. ஆனால் கிளினிக்கில் ஒரு சகோதரி தனக்கு இரத்தம் படுவதை எந்த மொழியில் சொல்வாள்? பின்வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, அந்தரங்கமான விஷயத்தை அவர் வாயால் சொல்லவைப்பதுதான் பல இடங்களில் நடைமுறை. வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடுகிறாள். விழுங்கிய பாதியில்தான் சில வேளை ஆபத்து இருக்கிறது.

நான்காவது அவநம்பிக்கை. 1980களில் கர்ப்பத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்து ஊக்குவித்த காலம் நம் அம்மாக்களுக்கு நினைவிருக்கிறது. தோட்டங்களில் பெண்களை லொறியில் ஏற்றிக்கொண்டுபோன கதை, சரியாக விளங்கப்படுத்தாமல் கையொப்பம் வாங்கிய கதை, இன்னும் லயத்துக்கு லயம் பேசப்படுகிறது. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஆகவே இரண்டு விஷயத்தைச் சேர்த்தே சொல்கிறோம். பிள்ளை எத்தனை, எப்போது, எந்த முறை என்பது அந்தப் பெண்ணின் முடிவு. விளங்காத தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம். தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். அதேநேரம், அந்தப் பயத்தால் கர்ப்ப காலக் கவனிப்பைக் கைவிட்டால் நட்டம் நமக்கே.

ஐந்தாவது வீடு. மாமியார் "நாங்க எல்லாம் மலையிலேயே பெத்தோம்" என்பார். பெற்றார்கள், உண்மை. பெற்றதில் எத்தனை தங்கியது, எத்தனை பேர் தாயில்லாமல் வளர்ந்தார்கள் என்பதையும் அவரிடமே அன்பாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்குப் பொருந்தும். 2018ஆம் ஆண்டின் திருத்தத்தோடு, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள். "மூணாவது பிள்ளைக்கு 42 நாள்தான்" என்று செக்ரோலில் எழுதுகிற காலம் முடிந்துவிட்டது. இன்னும் யாராவது அப்படிச் சொன்னால் உடனே சங்கக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு தரும் வேலை கொடுக்கக்கூடாது. கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. இவை சட்டத்தில் இருப்பவை.

சர்வதேச தொழில் அமைப்பின் 103ஆம் இலக்க மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. பிரசவத்துக்கு முன்னும், பிரசவத்தின்போதும், பின்னும் தகுதிபெற்ற மருத்துவமாது அல்லது வைத்தியரின் கவனிப்பு என்பது அதில் எழுதப்பட்ட உரிமை. அதே அமைப்பின் 2000ஆம் ஆண்டுப் பரிந்துரையொன்று, வேலைகொள்வோருக்கு அறிவித்துவிட்டுக் கர்ப்பப் பரிசோதனைக்குப் போக அனுமதி இருக்க வேண்டும் என்கிறது. போக அனுமதி சரி. போகும் நாளுக்குச் சம்பளம்? அங்கேதான் ஓட்டை. நாட்சம்பளக்காரிக்குச் சம்பளமில்லாத அனுமதி பாதி அனுமதிதான்.

நாம் கேட்பது

கம்பெனிகளிடம் மூன்று கோரிக்கை. ஒன்று, அட்டையில் திகதி போட்டு ஒப்பமிட்ட ஒவ்வொரு கிளினிக் நாளுக்கும் பேர் போடப்பட வேண்டும். கிளினிக் தோட்டத்துக்குள்ளேயே நடந்தால் அரை நாளைக் கழித்து மிச்ச அரை நாள் வேலை செய்யலாம். அதற்கும் முழுப் பேர். கணக்கைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு பத்துப் பேர் கர்ப்பிணிகள் என்று வைத்துக்கொண்டாலும் 130 பேர்தான். ஆண்டு முழுதும் ஒரு தோட்டம் போடும் பேர்களோடு வைத்துப் பார்த்தால் இது கொழுந்துக் கூடையில் ஓர் இலை. இரண்டு, கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து செங்குத்தான மலை, பாரம் தூக்கல், மருந்தடிக்கும் மலை இவற்றிலிருந்து விலக்கி, தட்டை மலையிலோ தவறணையிலோ வேலை கொடுக்க வேண்டும். கிலோக் குறைவதற்காகப் பேரை அரைப் பேர் ஆக்கக்கூடாது. மூன்று, இரவு பகல் எந்நேரமும் பிரசவத்துக்குத் தோட்ட வாகனம் தயாராக இருக்க வேண்டும்.

அரசிடம் மூன்று. தோட்டப் பிரிவுகளில் மருத்துவமாது வெற்றிடங்களை நிரப்புங்கள். தமிழ் பேசுவோருக்கு அங்கே முன்னுரிமை கொடுங்கள். தோட்டத்துக்குள் மாதாந்தக் கிளினிக்கை நடத்துங்கள். அதற்குக் கட்டடம் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை ஆகட்டும். 1990 அம்புலன்ஸ் ஏறிவரக்கூடிய பாதை போடுங்கள். பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபின் தோட்ட வீதிக்குச் செலவிட முடியாது என்று சபைகள் கைவிரிக்க இடமில்லை.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு தோட்டத்து மாதர் தலைவியும், தன் கணக்கில் கர்ப்பமாக இருப்பவர்கள் பதிந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கிளினிக் நாளன்று பேர் வெட்டப்பட்டால் திகதியையும் அட்டையின் பக்கத்தையும் பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். நூறு பேரின் பிரதி கையில் இருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் நம் வார்த்தைக்குக் கனம் வரும்.

கணவன்மாரே, கிளினிக்குக்கு நீங்களும் ஒரு முறையாவது கூடப் போங்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், இரத்தம் படுதல், தண்ணீர்க்குடம் உடைதல், காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல் - இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், காசு இல்லை. தோட்டத்துத் தலைவர், சாரதி, மருத்துவமாது ஆகியோரின் இலக்கங்களைக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள்.

பெற்றோரே, உயர்தரம் படிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு மருத்துவமாது பயிற்சி பற்றிச் சொல்லுங்கள். பதினெட்டு மாதப் பயிற்சி. பிறகு அரச வேலை. வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது நம் பாடசாலைகளிலிருந்து விண்ணப்பங்கள் குவிய வேண்டும். படிவம் நிரப்ப உதவி தேவையானால் ஆசிரியர்களிடமும் சங்கக் கிளைகளிடமும் வாருங்கள். லயத்தில் பிறந்த ஒரு பெண் வெள்ளைச் சேலையோடு அதே லயத்துக்கு வந்து, "அக்கா, அட்டையை எடுங்க" என்று நம் பாஷையில் கேட்கும்போது, மொழி என்ற சுவர் அந்த வாசலில் இடிந்துவிடும்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் முதலாவது தீர்மானமாக இதை எடுக்கும்படி எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம். தீர்மானத்தின் வாசகம் நீளமாக இருக்கத் தேவையில்லை: கிளினிக் நாளும் வேலை நாளே, அதற்கும் பேர் போடு. ஒப்பமிட்ட பிரதியொன்றைத் தோட்ட ஒபிஸில் கொடுத்து, இன்னொன்றை எமக்கு அனுப்புங்கள்.